திருப்பிப் போட்ட முகம்

நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க இப்பவே நடையைக் கட்டுங்க. பாதியில நிறுத்தி, "அது கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்"னு யாராவது ஆரம்பிச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். முன்னாடியே சொல்லிட்டேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியாது. நான் வண்டிங்களுக்கு ஒயரிங் பண்றவன். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மச்சானுக்கு நடந்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். கடைசியில வர்றது மட்டும் நானே கண்ணால பார்த்தது.

பேய்னா நடுராத்திரி, பாழடைஞ்ச வீடு, வெள்ளைப் புடவைன்னு நினைச்சிட்டிருந்தா அதையும் மறந்துடுங்க. இது பட்டப்பகல். வெள்ளிக்கிழமை. மணி 2:43. ஏசி போட்ட ரூம்.

மச்சான் எடிட்டர். டிவியில வர்ற வரலாற்று டாக்குமெண்டரிகளை வெட்டி ஒட்டறது அவர் வேலை. ஆபீஸ்ல அவருக்குப் பேரே கத்தரி. பதினாறு வருஷமா உதவி எடிட்டர். ராப்பகலா வெட்டறது இவர், படம் முடிஞ்சு ஓடற எழுத்துல வர்றது வேற எவனோ ஒருத்தன் பேரு. ஒவ்வொரு தடவையும் அக்கா டிவி முன்னாடி உட்கார்ந்து கடைசி எழுத்து வரைக்கும் பார்ப்பா. வராது. எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா. அவ பேசாம இருக்கிறதுதான் மச்சானுக்கு அதிகமா வலிக்கும்.

போன வருஷம்தான் முதல் தடவையா அவர் பேரைப் போடறதா டைரக்டர் சொன்னார். அதுவும் தனியா, ஒரு முழு வரி. மச்சானுக்குக் கால் தரையில நிக்கலை. ரெண்டாவது படிக்கிற பொண்ணு வகுப்புல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. "எங்க அப்பா பேரு டிவியில வரப்போகுது!" இதை ஞாபகம் வச்சுக்கோங்க. எல்லாக் கேடும் இந்த ஆசையிலதான் ஆரம்பிச்சது.

தொடர் எதைப் பத்தின்னா, போர்ல செத்து, வரலாறு மறந்துபோன சாதாரண மனுஷங்களைப் பத்தி. மச்சான் செஞ்சது ஆறாவது பகுதி. நூறு வருஷத்துக்கு முந்தின சண்டை அது. ஒரு சாம்ராஜ்யம் கப்பல் கப்பலா ஏழை ஆளுங்களைக் கொண்டுபோய், மலைப்பாதையில பீரங்கிக் குண்டு சுமக்க வச்சது. குளிர், பட்டினி, சவுக்கடி. ஒரு முகாம்ல நாப்பத்தொரு பேர் சேர்ந்து, "இனி சுமக்க மாட்டோம்"னு முடிவு பண்ணாங்க. கூட இருந்த ஒருத்தன் போய் அதிகாரிகிட்ட காட்டிக்கொடுத்துட்டான். நாப்பத்தொரு பேரையும் சுட்டுட்டாங்க.

காட்டிக்கொடுத்தவன் பேரு தெரியும். படம் கிடையாது.

"ஒரு மூஞ்சி வேணும்யா," டைரக்டர் சொன்னார். "துரோகின்னு சொல்லிட்டு இருட்டையா காட்டறது?"

இங்கதான் இவங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. நாம வீட்ல உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்க்கிறோமே, அதுல வர்ற பழைய முகமெல்லாம் எப்பவும் அந்த ஆள் முகம்தான்னு நினைச்சுடாதீங்க. ஆள் படம் கிடைக்கலைன்னா, அந்தக் காலத்துப் படம் ஏதாவது ஒண்ணை எடுத்து வச்சுடுவாங்க. அதுக்குப் பேரு பொதுப்படம். யாருக்குத் தெரியப்போகுது?

ஆவணக் காப்பகத்துல இருந்து வந்த படங்கள்ல மச்சான் ஒண்ணைப் பொறுக்கினார். எண் 117. மார்பு வரைக்கும் தெரியற படம். இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒட்டின கன்னம். இடது காது மடல் கிழிஞ்சிருந்துச்சு. கேமராவை நேரா பார்க்காம ஓரமா பார்த்துட்டு நின்னான். பேரு இல்லை. காப்பகத்துக்காரங்க பட்டியல்ல ஒரே ஒரு வரி: பின்பக்கம் கையெழுத்து உள்ளது, நகல் எடுக்கவில்லை.

மச்சான் அந்த வரியைப் படிச்சார். ஒரு போன் போட்டிருந்தா என்ன எழுதியிருக்குன்னு சொல்லியிருப்பாங்க. போடலை. நேரம் இல்லைன்னார். நான் இன்னிக்கும் அவர்கிட்ட அதைத்தான் கேட்கறேன். ஒரு போன் மச்சான்... ஒரே ஒரு போன்.

படத்துல ஒரு தொல்லை. அந்த ஆள் பார்க்கிற பக்கம் சரியில்லை. துரோகின்னு எழுத்து வர்ற பக்கம் பார்க்காம, எதிர்ப்பக்கம் பார்த்துட்டு நிக்கிறான். அதனால மச்சான் படத்தைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியில தெரியற மாதிரி, இடதை வலதா. ஒரு பட்டன்தான். மூணு செகண்ட் வேலை. கிழிஞ்ச காது வலது பக்கம் வந்துச்சு.

அப்புறம் அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நெருங்கற மாதிரி செஞ்சார். மார்புல ஆரம்பிச்சு கண்ணுல போய் நிக்கும். எட்டு செகண்ட். இதெல்லாம் முடிஞ்சது செவ்வாய்க்கிழமை.

அன்னிக்கு மத்தியானம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். எட்டு செகண்ட் முடிஞ்சது. படம் நிக்கலை. ஒன்பது... பத்து... முகம் கிட்ட வந்துட்டே இருந்துச்சு. கடைசியில ஸ்கிரீன் முழுக்க ஒரு கண்ணு. அவ்வளவுதான். மச்சான் நிறுத்திட்டு மணி பார்த்தார். 2:43. மறுபடி ஓட்டினார். சரியா எட்டு செகண்ட்ல நின்னுச்சு. தூக்கக் கலக்கம்னு நினைச்சு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தார்.

புதன்கிழமை வந்து பார்த்தா, கிழிஞ்ச காது மறுபடி இடது பக்கம் இருக்கு. யாரோ பழையபடி திருப்பி வச்சிருக்காங்க.

"யாராவது என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா சார்?"

"உன் துருப்பிடிச்ச டப்பாவை எவன்யா தொடுவான்?" டைரக்டர் எப்பவும் அப்படித்தான் பேசுவார். வாயைத் திறந்தா வள்ளுனு விழற ஆளு.

மச்சான் மறுபடி திருப்பினார். பூட்டி, ரகசிய எண் போட்டு வச்சுட்டு வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமை. காது இடது பக்கம்.

அதோட இன்னொண்ணு. சத்தம் வைக்கிறதுக்குன்னு கீழே வரிசையா கோடுகள் இருக்கும். இசைக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணு, இப்படி. கடைசிக் கோட்டுல இவர் எதுவும் வைக்கலை. காலி. அதுல, அந்த முகம் வர்ற இடத்துக்கு நேர் கீழே, ஒரு சின்ன அலை தெரிஞ்சுச்சு.

ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஓட்டினார்.

முதல்ல மூச்சு. மேடு ஏறி வந்தவன் வாங்கற மாதிரி மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்... அப்புறம் ஒரு குரல். ரொம்பக் கிட்ட.

"நான் சொல்லலை."

மச்சான் ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சார். எழுந்து நேரா டைரக்டர் ரூமுக்குப் போனார். பதினாறு வருஷத்துல முதல் தடவையா கதவைத் தட்டாம உள்ள போனார்.

"சார், அந்தப் படம் வேணாம் சார். தூக்கிடுவோம்."

"ஏன்? என்ன வந்துச்சு உனக்கு?"

"பின்பக்கம் ஏதோ எழுதியிருக்காம். என்னன்னு ஒரு தடவை கேட்டுட்டு..."

டைரக்டர் சிரிச்சார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"நாளைக்கு மூணு மணிக்கு சேனலுக்குப் போகணும். இப்போ வந்து என்னய்யா கேட்கிறது? யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவன் வந்து கேஸ் போடப் போறானா?"

"இல்ல சார், அந்த ஆளு யாருன்னே நமக்குத் தெரியாது. துரோகின்னு போடறோம்..."

"உனக்கு உன் பேரு வரணுமா, வேணாமா?" டைரக்டர் எழுந்து நின்னார். "அதை எடுத்துட்டு இன்னொருத்தன் பேரைப் போட எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்கே தெரியும்."

தெரியும். மூணு செகண்ட்.

மச்சான் திரும்பி வந்து உட்கார்ந்தார். சத்தத்தை அழிச்சார். முகத்தைத் திருப்பினார். இதை அவர் என்கிட்ட சொல்லும்போது தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

வெள்ளிக்கிழமை.

அந்த எடிட்டிங் ரூமை நான் பார்த்திருக்கேன். ஒயரிங் கோளாறுன்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க சத்தம் போகாம இருக்க மெத்தை. ஒரே ஒரு கதவு, உட்கார்ந்தா இடது கைப்பக்கம். உள்ள போய் மூடிக்கிட்டா வெளியில குண்டு போட்டாலும் கேட்காது.

மணி 2:30. மச்சான் கடைசியா ஒரு தடவை பார்த்தார். காது இடது பக்கம். திருப்பினார்.

2:36. ஓட்டிப் பார்த்தார். காது இடது பக்கம். திருப்பினார். விரல் வழுக்குச்சு, அவ்வளவு வேர்வை.

2:39. திருப்பி வச்சது நின்னுச்சு. அசையலை. அப்பாடான்னு மூச்சு விட்டார்.

2:41. ஏசி நின்னுச்சு.

கரண்ட் போகலை. கம்ப்யூட்டர் ஓடுது. விளக்கு எரியுது. ஏசி சத்தம் மட்டும் டப்புனு நின்னுச்சு. ரூம்ல ஈர மண் வாசனை. புதுசா தோண்டின மண்ணு.

சேனலுக்கு அனுப்பற பக்கத்தைத் திறந்தார். ஸ்கிரீன் ஒரு நொடி கறுப்பாச்சு. கறுப்புல அவர் முகம் தெரிஞ்சுச்சு. அவருக்குப் பின்னாடி...

ஒருத்தன் நின்னுட்டிருந்தான்.

சுவரோரமா. அசையாம.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஸ்கிரீனைப் பார்த்தார். இப்போ அவன் சுவரோரத்துல இல்லை. நாற்காலிக்கு ரெண்டடி பின்னாடி.

நடக்கலை. கால் அசையலை. கிட்ட மட்டும் வர்றான். மச்சான் செஞ்சு வச்ச மாதிரியே... மெதுவா... மார்புல இருந்து கண்ணுக்கு...

ஒண்ணு. ரெண்டு. மூணு.

ஸ்கிரீன்ல ரெண்டு பட்டன். ஒண்ணு 'அனுப்பு'. ஒண்ணு 'நிறுத்து'.

நாலு. அஞ்சு.

தோளுக்கு மேல ஒரு முகம். மூச்சு கன்னத்துல பட்டுச்சு. ஜில்லுனு.

ஆறு.

"நான்... சொல்லலை."

ஏழு.

மச்சான் வாயில வந்தது இதுதான். "மன்னிச்சுடுப்பா. அடுத்த பகுதியில சரி பண்ணிடறேன். இந்த ஒரு தடவை..."

எட்டு.

கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிட்டார்.

2:43.

ஒண்ணும் நடக்கலை. முகம் இல்லை. ஏசி பழையபடி உறுமுச்சு. மச்சான் கண்ணைத் திறந்தார். ஸ்கிரீன்ல இருந்த எழுத்தெல்லாம் தலைகீழா... இல்லை, தலைகீழா இல்லை. கண்ணாடியில பார்க்கிற மாதிரி, இடம் வலமா இருந்துச்சு. எழுந்து ஓடினார். கதவுக்குக் கையை நீட்டினா சுவர் இடிக்குது. கதவு மறுபக்கம் இருக்கு. பதினாறு வருஷமா திறந்த கதவு!

மூச்சு விடறதுக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சு. எழுத்து நேரா இருந்துச்சு. கதவு அதே இடத்துல இருந்துச்சு. அவருக்குத்தான் அது தப்பான பக்கமா தெரிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்தார். பொண்ணு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிட்டா. தூக்கி வச்சுக்கிட்டார். அவ முகத்தையே உத்துப் பார்த்தா.

"அப்பா, உன் மச்சம் இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

மச்சானுக்கு இடது கன்னத்துல மிளகு அளவுல ஒரு மச்சம். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தப்போ அக்கா அதைத்தான் முதல்ல பார்த்தாளாம். இப்போ அது வலது கன்னத்துல இருந்துச்சு.

அக்கா போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்துட்டு வந்தா. பார்த்தா. அவரைப் பார்த்தா. ஆல்பத்தை மூடிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. அன்னிக்கு ராத்திரிதான் எனக்குப் போன் வந்துச்சு. நான் போனப்போ மச்சான் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிட்டிருந்தார். வலது கைக்காரர், இடது கையால. தடுமாறாம, முத்து முத்தா எழுதினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படம் போட்டாங்க. நாங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். இருபத்திரெண்டாவது நிமிஷம் அந்த முகம் வந்துச்சு. "துரோகி"ன்னு ஒரு குரல் அழுத்திச் சொல்லுச்சு. கேமரா நெருங்குச்சு. மச்சான் "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சார். நாங்க அவரைத் தூக்கறதா, தண்ணி கொடுக்கிறதான்னு தவிச்சிட்டிருந்தோம். அந்தத் தவிப்புலயே படம் முடிஞ்சு அவர் பேரும் வந்து போயிருக்கு. தனியா, முழு வரியா. பதினாறு வருஷம் காத்திருந்த அக்கா பார்க்கலை. பொண்ணு மட்டும் பார்த்துட்டுக் கை தட்டினா.

திங்கட்கிழமை காப்பகத்துக்குப் போன் போட்டது நான்தான். ஒரு அம்மா எடுத்தாங்க. 117-ஐத் தேடி எடுத்து, பின்னாடி எழுதியிருந்ததை நிதானமா படிச்சாங்க.

"சுமை தூக்குபவன், எண் 117. உடன் சேர்ந்தவர்கள் யார் யார் என்று மூன்று நாட்கள் கேட்டும் சொல்லவில்லை. பிற்பகல் 2:43 மணிக்கு இடது மார்பில் சுடப்பட்டான்."

அந்த அம்மா கேட்டாங்க, "நல்ல மனுஷன் போலிருக்கே, இவரைப் பத்திதான் படம் எடுக்கறீங்களா?" நான் போனை வச்சுட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்த பையன் படத்தைப் பார்த்தான். திருப்பி வச்சுப் பார்த்தான். "தப்பா எடுத்துட்டேன் போல சார்"னு மறுபடி எடுத்தான். மூணாவது தடவையும் எடுத்தான். அப்புறம் டாக்டரைக் கூட்டிட்டு வந்தான்.

"உங்களுக்குப் பிறந்ததுல இருந்தே இதயம் வலது பக்கமா?" டாக்டர் கேட்டார்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல எல்லாருக்கும் உடம்பு பரிசோதனை பண்ணப்போ எடுத்த எக்ஸ்ரே வீட்ல இருக்கு. அதுல இதயம் இடது பக்கம். டாக்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, "இது வேற ஆளோட எக்ஸ்ரே"ன்னு சொல்லிட்டார்.

புது எக்ஸ்ரேல இன்னொண்ணும் இருந்துச்சு. பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உலோகம்னார் டாக்டர். இதயத்துல இருந்து நாலு விரல் தள்ளி. உடம்புல எங்கயும் காயம் இல்லை, தழும்பு இல்லை. அறுத்து எடுக்கலாம்னு படுக்க வச்சு மறுபடி படம் எடுத்தாங்க. புள்ளியைக் காணோம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு எடுத்தா இருக்கு.

அந்தப் பகுதி நல்லா ஓடுச்சுன்னு சேனல்ல மறுபடி போட்டாங்க. அடுத்த எக்ஸ்ரேல புள்ளி இதயத்துல இருந்து ரெண்டு விரல். மூணாவது தடவை போட்டாங்க. ஒரு விரல்.

அனுப்பின படத்தைத் தொடணும்னா டைரக்டர் கையெழுத்து வேணும். மச்சான் போய்க் கேட்டார், கேட்கலை. அக்கா போய் அழுதா, கேட்கலை. நான் மூணு எக்ஸ்ரேயையும் எடுத்துட்டுப் போய் அந்த ஆள் மேஜை மேல பரப்பினேன். "ஒரே ஒரு படம் சார். எட்டு செகண்ட். எடுத்துடுங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்"னு சொன்னேன். நிஜமாவே பிடிச்சேன்.

காலை உதறிட்டுச் சிரிச்சார்.

"விருது வாங்கின படம்யா அது. ஒரு ஃபிரேம் தொட விட மாட்டேன். செத்தவன் வந்து கேஸ் போடப் போறானா?"

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு நாலாவது தடவை போடறாங்க. மச்சான் கையை வலது மார்புல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அக்கா காலண்டரைத் திருப்பி மாட்டி வச்சிருக்கா.

பொண்ணுக்கு நாங்க எதுவும் சொல்லலை. நேத்து சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து ஓடி வந்தா. மூச்சு வாங்க வாங்க, வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொன்னா. ஞாயித்துக்கிழமை அப்பா பேரு மறுபடி வருதாம். எல்லாரும் பார்க்கிறதா சொல்லியிருக்காங்களாம்.